சின்ன டிராக்டரில் லிஃப்ட் தூக்கவில்லையா? ஹைட்ராலிக் பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

பழைய சின்ன டிராக்டரில் லிஃப்ட் சோர்ந்துபோனால் முதல் பழி பம்ப் மேல்தான் விழுகிறது. "பம்ப் போச்சு, மாத்திடலாம்" என்று சொல்வது சுலபம். பணம் கட்டிப் புது பம்ப் மாட்டிய பிறகும் கலப்பை தரையை விட்டு எழாதபோதுதான் வேறு இடங்களைத் தேடத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப்போட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். செலவில்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள். பம்பில் கடைசியாகக் கை வையுங்கள்.

நான் இங்கே சொல்வது குபோட்டா பி7100, யன்மார் ஒய்எம் வரிசை போன்ற பழைய ஜப்பான் வகை வண்டிகளுக்குப் பொருந்தும். இவற்றில் இன்ஜினின் டைமிங் கியரிலிருந்து சுற்றும் சின்ன கியர் பம்ப் இருக்கும். கியர் பாக்ஸில் உள்ள ஆயிலே ஹைட்ராலிக் ஆயிலும். அங்கிருந்து ஒரு நீண்ட சக்‌ஷன் பைப் முன்னால் வந்து பம்புக்கு ஆயில் கொடுக்கும். பம்ப் அதைப் பின்னால் லிஃப்டுக்குத் தள்ளும். மாஸி ஃபெர்குசன் 35, 1035 போன்றவற்றின் அமைப்பே வேறு. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. ஆயிலை நகர்த்துகிறது, அவ்வளவுதான். போகிற ஆயிலுக்கு எதிரே பாரம் நிற்கும்போதுதான் அழுத்தம் ஏறுகிறது. வழியில் எங்காவது ஆயில் கசிந்து திரும்பினால் பம்ப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அழுத்தம் வராது. பம்புக்கு ஆயிலே சரியாக வந்து சேராவிட்டாலும் அதே கதிதான்.

கை வைக்கும் முன்

தூக்கிய கலப்பைக்கு அடியில் போகாதீர்கள். லிஃப்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, லீவரை மேலும் கீழும் இரண்டு முறை ஆட்டி அழுத்தத்தை விட்ட பிறகே எந்த நட்டையும் தளர்த்த வேண்டும். பைப்பில் ஊசித்துளைக் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் அதிகம் இருக்காது; உள்ளே சதை அழுக ஆரம்பித்திருக்கும். அப்படி நடந்தால் காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், ஆயில் உள்ளே ஏறிவிட்டது என்று சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும்.

லிஃப்ட் அசையவே இல்லை, சத்தமும் இல்லை

முதலில் ஆயில் அளவு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, லிஃப்டை இறக்கிவிட்டு டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். டிப்பர் டிரெய்லர் இழுக்கும் வண்டியானால் டிரெய்லர் சிலிண்டரும் முழுதாக இறங்கியிருக்க வேண்டும். அந்த சிலிண்டர் மேலே போகும்போது லிட்டர் கணக்கில் ஆயிலை எடுத்துக்கொள்ளும். கீழே இருக்கும்போது சரியாகத் தெரிந்த அளவு, டிரெய்லர் தூக்கியதும் சக்‌ஷன் வாய்க்குக் கீழே போய்விடலாம். பாதி தூக்கி நின்றுவிடும் டிரெய்லர்கள் பலவற்றில் கோளாறு இதுதான்.

ஆயில் சரியாக இருந்தால், லிஃப்ட் இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் குமிழ் முழுதாக மூடியிருக்கிறதா பாருங்கள். சீட்டுக்குக் கீழே இருக்கும் அந்தக் குமிழை யாராவது திருகிவிட்டிருந்தால் சில வண்டிகளில் லிஃப்ட் இருந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். அப்புறம் வெளியே ஹைட்ராலிக் எடுக்கும் கட்டையில் உள்ள லீவர். ஆயில் டிரெய்லர் பக்கம் திருப்பப்பட்டிருந்தால் லிஃப்டுக்கு ஒரு சொட்டுகூட வராது.

இவை எல்லாம் சரி என்றால் பம்ப் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். பம்பிலிருந்து வெளியே போகும் டெலிவரி பைப்பின் நட்டைச் சற்றே தளர்த்துங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி செல்ஃப் மட்டும் சில நொடி சுற்றுங்கள். ஆயில் தாராளமாக வழிந்தால் பம்ப் வேலை செய்கிறது. கோளாறு அதற்குப் பின்னால்தான். ஒன்றுமே வரவில்லை என்றால் இரண்டு காரணங்கள்: பம்புக்கு ஆயில் வரவில்லை, அல்லது பம்ப் சுற்றவில்லை. சக்‌ஷன் பைப்பைக் கழற்றி ஆயில் வந்து நிற்கிறதா பாருங்கள். நிற்கிறது என்றால் பம்ப் ஷாஃப்டைக் கியரோடு பிணைக்கும் சாவித்துண்டு (கீ) அறுந்திருக்கலாம், அல்லது இணைக்கும் கப்ளிங் தேய்ந்திருக்கலாம். அதற்குப் பம்பை இறக்கித்தான் ஆக வேண்டும்.

பம்ப் கத்துகிறது, லிஃப்ட் உதறி உதறி ஏறுகிறது

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பம்ப் கத்துகிறது என்றால் அது பெரும்பாலும் பசியில் கத்துகிறது. சத்தத்தில் இரண்டு வகை உண்டு. இன்ஜின் வேகம் ஏற ஏறக் கூர்மையாகும் கீச்சுச் சத்தம் என்றால் ஆயில் போதுமான அளவு வரவில்லை, அடைப்பு இருக்கிறது. கரகரவென்று, உள்ளே சின்னச் சின்னக் கூழாங்கற்கள் உருள்வது போன்ற சத்தமும், ஆயிலில் நுரையும் இருந்தால் காற்று புகுகிறது.

அடைப்பு என்றால் முதல் இடம் சக்‌ஷன் ஃபில்டர். பழைய வண்டிகள் பலவற்றில் இது கம்பி வலை; கழுவி மாட்டலாம். காகித வகை என்றால் புதிதுதான். கழற்றியதும் கழுவித் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வெயிலில் பிடித்துப் பாருங்கள். கருப்பு நார்போல் இருந்தால் பிரேக் தட்டின் தேய்மானம். காந்தத்தில் ஒட்டும் துகள் கியர் பாக்ஸ் பற்களிலிருந்தோ பேரிங்கிலிருந்தோ வந்தது. காந்தத்தில் ஒட்டாமல் வெள்ளியாக மின்னும் பொடி அலுமினியம்; அது பம்பின் உடலிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம், அதை எடுத்து வையுங்கள். ரப்பர் துணுக்குகள் இருந்தால் எங்கோ ஒரு சீலோ ஹோஸின் உள்தோலோ உரிகிறது.

ஹோஸின் உள்தோல் விஷயம் கவனிக்கத்தக்கது. சக்‌ஷன் பைப்பில் ரப்பர் ஹோஸ் இணைப்பு இருந்தால், வெளியே பார்க்கப் புதிதுபோல் இருக்கும். உள்ளே ஒரு அடுக்கு பிரிந்து, பம்ப் உறிஞ்சும்போது வாயை மூடிக்கொள்ளும். சூடாக இருக்கும்போது கையால் அழுத்திப் பாருங்கள். துணிபோல் மடங்கினால் மாற்ற வேண்டும். சாதாரண தண்ணீர் ஹோஸ் வேண்டாம். ஆயில் தாங்கும், உறிஞ்சும்போது நசுங்காத சக்‌ஷன் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

காற்று புகுவது வேறு. கிணற்று மோட்டாரில் சக்‌ஷன் பைப் ஜாயின்டில் கசிவு இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாமலே மோட்டார் காற்றை இழுத்துத் தண்ணீர் தூக்காது அல்லவா, இங்கேயும் அதேதான். அதனால் தரையில் ஆயில் சொட்டவில்லையே என்று சமாதானம் ஆகாதீர்கள். இன்ஜின் மெதுவாக ஓடட்டும். சக்‌ஷன் பைப்பின் ஒவ்வொரு இணைப்பின் மேலும் கிரீஸைக் கெட்டியாகப் பூசிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் பூசியதும் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. ஃபேன் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கை போகும் இடமானால் இன்ஜினை நிறுத்திப் பூசி, பிறகு ஓட்டிப் பாருங்கள். வழக்கமான குற்றவாளி பைப்பின் முனையில் உள்ள ஓ-ரிங். பல வருடச் சூட்டில் கல்லாக இறுகித் தட்டையாகியிருக்கும். அதன் விலை ஒரு டீயின் விலைக்குப் பக்கத்தில். அதற்காகப் பம்பையே மாற்றியவர்கள் உண்டு.

ஃபில்டர் மாற்றிய மறுநாளே சத்தம் வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் உட்காரும் இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் புதியதை இறுக்கியிருப்பார்கள். இரட்டை வளையம் நிச்சயம் காற்றை இழுக்கும். அல்லது பைப்பில் ஏறிய காற்று இன்னும் வெளியேறவில்லை. சக்‌ஷன் பைப்பில் ஆயிலை ஊற்றி நிரப்பி இணைத்துவிட்டு, லிஃப்டை மெதுவான வேகத்தில் சில முறை ஏற்றி இறக்கினால் சரியாகிவிடும்.

சரிவான நிலத்தில் மூக்கைக் கீழே வைத்து இறங்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ஆயில் அளவு குறிக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. சக்‌ஷன் வாய் அந்தக் கோணத்தில் வெளியே தெரிகிறது.

ஆயில் பால்போல் வெளுத்திருக்கிறது

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் ஆயிலைப் பிடித்து அசையாமல் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் அது காற்று. மேலே சொன்ன வேலைதான். மறுநாள் காலையிலும் வெளுப்பாகவே இருந்தாலோ, அடியில் தண்ணீர் தங்கியிருந்தாலோ, ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. சேற்றில் சேடை ஓட்டும் வண்டிகளில் இது சாதாரணம். அச்சு சீல், கிழிந்த கியர் லீவர் ரப்பர், மூடி தொலைந்த டிப் ஸ்டிக் துளை என்று எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். மழையில் நிற்கும் வண்டிக்குக் கியர் லீவர் ரப்பரே போதும்.

வண்டியை இரவு முழுக்க நிறுத்திவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் ட்ரெயின் பிளக்கைத் தளர்த்தினால் தண்ணீர் முதலில் வரும். அது போனதும் ஆயிலையும் முழுக்க இறக்குங்கள். ஒரே முறை மாற்றினால் மூலை முடுக்கில் தங்கிய தண்ணீர் புது ஆயிலையும் கெடுக்கும். அதனால் சில மணி நேரம் ஓட்டிவிட்டு இரண்டாவது முறையும் மாற்றுவது நல்லது. தண்ணீர் புகுந்த வழியை அடைக்காமல் ஆயில் மாற்றுவது பணத்தை மண்ணில் ஊற்றுவதற்குச் சமம்.

எந்த ஆயில் என்பதில் நான் பிடிவாதக்காரன். வண்டியின் கையேட்டில் சொன்ன தரம் மட்டுமே. "பழைய பம்ப்தானே, கெட்டியா ஊத்துனா தூக்கும்" என்று 140 நம்பர் கியர் ஆயில் ஊற்றுகிறார்கள். சில நாள் தூக்கவும் செய்யும். ஆனால் காலையில் அந்தக் கெட்டி ஆயிலை உறிஞ்ச முடியாமல் பம்ப் தினமும் பசியில் சுற்றும். மீதமிருந்த ஆயுளும் அப்படியே தீர்ந்துவிடும். ஆயிலில் நனைந்த பிரேக் உள்ள வண்டியானால் தவறான ஆயில் பிரேக்கையும் கெடுக்கும்.

காலையில் தூக்குகிறது, சூடானதும் சோர்கிறது

இதுதான் தேய்ந்த பம்பின் உண்மையான அடையாளம். சூட்டில் ஆயில் மெலிகிறது; கியருக்கும் உடலுக்கும் நடுவே, பக்கத் தகடுகளின் ஓரத்தில் உள்ள இடைவெளியில் ஆயில் திரும்பி ஓடுகிறது. இதற்கு நேர்மாறாக, காலையில் கத்திக்கொண்டு சோம்பலாகவும் சூடானதும் நன்றாகவும் இருந்தால் பம்ப் நல்லது. ஆயில் கெட்டி அல்லது ஃபில்டர் அடைப்பு.

ஆனால் தேய்ந்த பம்ப், சோர்ந்த ரிலீஃப் வால்வு (அழுத்தம் எல்லை தாண்டினால் திறந்து ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு), கசியும் சிலிண்டர் மூன்றுமே வெளியே ஒரே மாதிரிதான் தெரியும்: பாரமில்லாத லிஃப்ட் கை ஏறும், ஐந்து கொத்துக் கலப்பை மாட்டினால் ஏறாது. இவற்றைப் பிரிக்க ஊகம் உதவாது. சதுர சென்டிமீட்டருக்கு 250 கிலோ வரை காட்டும் பிரஷர் கேஜ் ஒன்று வேண்டும். வாங்காவிட்டாலும் பட்டறையில் கேட்டால் கிடைக்கும். வெளியே ஹைட்ராலிக் எடுக்கும் இடத்தில் அதை மாட்டுங்கள்.

அரை மணி நேரம் வேலை செய்து ஆயில் சூடான பிறகு சோதிக்க வேண்டும். லிஃப்ட் கையோடு லீவரை இணைக்கும் ஃபீட்பேக் கம்பியைக் கழற்றிவிட்டு லிஃப்டை உச்சிக்கு ஏற்றினால், மேலே போக இடமில்லாமல் ரிலீஃப் வால்வு திறக்கும். அப்போது கேஜில் தெரிவதுதான் நமக்கு வேண்டிய எண். ஐந்து நொடிக்கு மேல் அப்படிப் பிடிக்காதீர்கள், ஆயில் கொதிக்கும். இந்தச் சோதனையை ஒரு முறை மெதுவான வேகத்தில், ஒரு முறை வேலை வேகத்தில் செய்யுங்கள்.

உங்கள் வண்டிக்குக் கையேட்டில் 140 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வேலை வேகத்தில் 140, மெதுவான வேகத்தில் 60 என்று விழுந்தால் எங்கோ உள்கசிவு இருக்கிறது. வேகமாகச் சுற்றும்போது கசிவை மிஞ்சி ஆயில் வருகிறது, மெதுவாகச் சுற்றும்போது வருவதெல்லாம் கசிவிலேயே போகிறது. எந்த வேகத்திலும் 80-லேயே நின்றால் பம்ப் குற்றவாளி இல்லை. ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது, அல்லது அதன் உட்காரும் இடத்தில் தூசு மாட்டியிருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகும்.

கேஜ் இல்லாமல் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் போட்டு இறுக்குவதை எந்தப் பட்டறையில் செய்தாலும் தடுத்துவிடுங்கள். எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று தெரியாமல் இறுக்கினால் பம்பின் அலுமினிய உடலோ லிஃப்ட் மூடியோ வெடிக்கும். பழைய வண்டிக்கு லிஃப்ட் மூடி கிடைப்பது பம்ப் கிடைப்பதை விடக் கடினம்.

உள்கசிவு பம்பிலா சிலிண்டரிலா என்பதற்கு அடுத்த சோதனை.

தூக்குகிறது, இன்ஜினை நிறுத்தியதும் இறங்குகிறது

கலப்பையைத் தூக்கி இன்ஜினை நிறுத்துங்கள். தரையிலிருந்து லிஃப்ட் கையின் உயரத்தை அளந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். கண்ணுக்குத் தெரிய இறங்கினால் சிலிண்டரின் பிஸ்டன் சீல், கண்ட்ரோல் வால்வு, அல்லது இறங்கும் வேகக் குமிழின் ஓ-ரிங்தான் காரணம். இன்ஜின் நின்றிருக்கும்போது பாரத்தைத் தாங்குவது வால்வும் சிலிண்டரும்தான். பம்புக்கு அதில் வேலையே இல்லை. இறங்காமல் நிற்கிறது, ஆனால் கேஜில் மெதுவான வேகத்தில் அழுத்தம் விழுகிறது என்றால் இப்போதுதான் பம்பை நம்பிக்கையோடு சந்தேகிக்கலாம்.

இன்ஜின் ஓடும்போது கலப்பை சில நொடிக்கு ஒரு முறை தலையாட்டுவதும் இதே கசிவின் இன்னொரு முகம். கை சற்று இறங்குகிறது, வால்வு அதை உணர்ந்து மறுபடி ஏற்றுகிறது. சீல் மாற்ற லிஃப்ட் மூடியைக் கழற்ற வேண்டும். சீட், ஃபெண்டர் எல்லாம் இறக்கும் ஒரு நாள் வேலை, ஆனால் உதிரி பாகச் செலவு குறைவு. பிஸ்டனை உருவியதும் சிலிண்டர் சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் கோடு இருந்தால் புது சீல் அதிக நாள் தாங்காது.

உச்சியில் போனதும் கீச்சிடுகிறது

ஃபீட்பேக் கம்பியின் நீளம் தவறு. கை உச்சியைத் தொடும் முன்பே வால்வு நடுநிலைக்கு வர வேண்டும். வராததால் ரிலீஃப் வால்வு திறந்தபடியே நிற்கிறது. கம்பியின் நட்டைத் திருகி, உச்சியில் லிஃப்ட் கையை மேலே தூக்கினால் சற்று ஆடும் அளவுக்கு இடம் விடுங்கள். இப்படியே ஓட்டினால் ஆயில் சூடேறி சீல்கள் எல்லாம் இறுகிவிடும்.

இன்ஜின் ஆயில் அளவு தானாக ஏறுகிறது

கியர் பாக்ஸ் ஆயில் குறைந்து, இன்ஜின் ஆயில் ஏறினால் பம்ப் ஷாஃப்டின் ஆயில் சீல் போய்விட்டது. ஹைட்ராலிக் ஆயில் டைமிங் கியர் வழியாக இன்ஜினுக்குள் இறங்குகிறது. முகர்ந்து பாருங்கள். டீசல் வாசம் அடித்து, ஆயில் தண்ணீராக இருந்தால் டீசல் பம்ப் பக்கம் கோளாறு. எதுவானாலும் அந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டாதீர்கள்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். சக்‌ஷன் அடைத்துக்கொண்ட பம்ப், தேய்ந்த சீல் வழியாக இன்ஜின் ஆயிலை இழுத்துக்கொள்ளும். கியர் பாக்ஸ் ஆயில் கறுத்து, அளவும் ஏறியிருக்கும். அப்போது சீலை மட்டும் மாற்றினால் போதாது, அடைப்பையும் எடுக்க வேண்டும்.

மாஸி ஃபெர்குசன் வகை என்றால்

இதில் பம்ப் வெளியே தெரியாது. கியர் பாக்ஸ் வயிற்றுக்குள் ஆயிலில் மூழ்கியிருக்கும் நான்கு பிஸ்டன் பம்ப் அது. பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. ஷாஃப்டோடு சுற்றுவதால், பி.டி.ஓ. லீவர் போடப்படாமல் இருந்தால் லிஃப்ட் தூக்காது. மற்ற வண்டியிலிருந்து இதற்கு மாறிய ஓட்டுநர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. கண்ட்ரோல் வால்வும் இதில் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. அது சிக்கிக்கொண்டால் பம்ப் நன்றாகச் சுற்றியும் ஆயில் போகாது.

தாளம் தவறாமல் விட்டு விட்டு ஏறினால் நான்கில் ஒரு பிஸ்டனின் வால்வு சரியாக மூடவில்லை. மெதுவாக ஏறி, நிறுத்தியதும் இறங்கினால் பம்பிலிருந்து மேலே போகும் நிலைக்குழாயின் ஓ-ரிங்கைச் சந்தேகியுங்கள். ஆயிலைச் சற்று இறக்கிவிட்டுப் பக்க மூடியைத் திறந்து, பாரத்தோடு தூக்கிப் பிடித்து டார்ச் அடித்துப் பார்த்தால் எங்கிருந்து பீய்ச்சுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். கையை உள்ளே விடக்கூடாது, உள்ளே எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும்.

பம்ப்தான் என்று முடிவானால்

கழற்றிப் பிரித்ததும் உடலின் உறிஞ்சும் பக்கச் சுவரைப் பாருங்கள். அழுத்தம் கியரை அந்தப் பக்கமே தள்ளுவதால் லேசான பளபளப்பான தடம் இருப்பது இயல்பு. நகம் இறங்கும் பள்ளம் இருந்தால் உடல் போய்விட்டது. சீல் கிட் போடுவது வீண். சுவர் நன்றாக இருந்து, பக்கத் தகடுகளுக்குப் பின்னால் உள்ள சீல்கள் மட்டும் இறுகியிருந்தால் கிட் போதும். பிரிக்கும் முன் உடலிலும் மூடியிலும் குறுக்காக ஒரு கோடு கீறி வையுங்கள். மூடி திரும்பி மாட்டப்பட்டால் அழுத்தம் ஆயில் சீல் மேல் போய் அதைத் துப்பிவிடும்.

புது பம்ப் வாங்கும்போது சுற்றும் திசையைச் சரிபாருங்கள். இடச்சுற்று, வலச்சுற்று இரண்டும் வெளியே ஒரே மாதிரி இருக்கும். மாட்டும் முன் சக்‌ஷன் துளை வழியாக ஆயில் ஊற்றி ஷாஃப்டைக் கையால் சுற்றி நனைத்துக்கொள்ளுங்கள். வறட்டுப் பம்ப் முதல் நிமிடத்திலேயே கீறல் விழுந்துவிடும். பழைய பம்ப் அலுமினியப் பொடியாகத் தேய்ந்திருந்தால் ஆயில், ஃபில்டர் இரண்டும் புதிது போட்டு, பைப்களைக் கழுவிக் காற்றடித்த பிறகே புதியதை மாட்ட வேண்டும்.

முதல் ஓட்டத்தில் லீவர் இறக்கும் நிலையில் இருக்கட்டும், இன்ஜின் மெதுவாக ஐந்து நிமிடம் ஓடட்டும். பிறகு பாரமில்லாமல் பத்துப் பன்னிரண்டு முறை ஏற்றி இறக்குங்கள். நுரை அடங்கியதும் ஆயில் அளவை மறுபடி பார்த்துக் குறி வரை ஊற்றுங்கள். பத்து மணி நேரம் வேலை செய்ததும் சக்‌ஷன் ஃபில்டரை ஒரு முறை கழற்றிப் பாருங்கள். வலை சுத்தமாக இருந்தால் அப்படியே மாட்டலாம். மின்னும் பொடி மறுபடி தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு ஆயிலை இறக்குங்கள்.